முன்கதைத் தொடரின் முதல் எபிசோட்: ஒரே காட்சிக்கு ஏன் மூன்று விதமான பேச்சு?

கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ படித்தவர்களுக்கு நரசிம்ம பல்லவரை நன்றாகத் தெரியும். வாதாபியை வென்று திரும்பிய சக்கரவர்த்தி, குந்தவியின் தந்தை, வயதும் அனுபவமும் கூடிய மனிதர். அந்த நாவல் வெளிவந்த பிறகுதான் கல்கி ‘சிவகாமியின் சபதம்’ எழுதினார். அதில் அதே நரசிம்மர் இன்னும் இளவரசர்; வாதாபி இன்னும் விழவில்லை. எழுதப்பட்டது பின்னால், நடந்தது முன்னால். முன்கதை என்றால் இவ்வளவுதான். ஆங்கிலப் பத்திரிகைகள் ப்ரீக்வல் என்று எழுதுவதும் இதையே.

இதை ஃபிளாஷ்பேக்குடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘பாகுபலி’யின் இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதி பழைய கதைதான், ஆனால் அது முதல் பாகம் கேட்டுவிட்டுப் போன கேள்விக்குப் பதில் சொல்ல வந்தது, அந்தப் பதில் இல்லாமல் முதல் பாகமே முடிவதில்லை. முன்கதை அப்படியல்ல. பழைய படைப்பு தன்னளவில் முடிந்துவிட்டது. யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லை. ஆண்டுகள் கழித்து அந்த உலகத்துக்கு ஒருவர் திரும்பிப் போய், அங்கே முன்பு என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பிக்கிறார்.

முடிவு தெரிந்த கதையை யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் துரியோதனன் தொடை பிளந்து சாவான் என்று தெரியாத குழந்தைகூட இல்லை. தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். மாமல்லர், அதாவது அந்த நரசிம்மர், போரில் மடிய மாட்டார் என்பது ‘பார்த்திபன் கனவு’ வாசகருக்கு முன்பே தெரியும். சிவகாமி என்ன ஆவாள் என்பதற்காக அடுத்த வார இதழுக்குக் காத்திருந்தார்கள். முன்கதையின் பலம் ‘என்ன நடக்கும்’ என்பதில் இல்லை. ‘எப்படி, ஏன், யாரால்’ என்பதில் இருக்கிறது. முன்கதைத் தொடர் ஒன்றின் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு மக்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

ஓர் உண்மையான தொடரை எடுத்துக்கொள்வோம். ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’. இதுவரை பார்க்காதவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: முதல் எபிசோடில் நடப்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2022 ஆகஸ்ட் 21, ஞாயிறு இரவு 9 மணிக்கு வெளியான அந்த எபிசோட், நமக்கு 22ஆம் தேதி திங்கட்கிழமை காலை 6.30 மணிக்கு வந்தது. மும்பையில் அது எப்படிப்பட்ட நேரம் என்று சொல்லத் தேவையில்லை. பால் பாக்கெட், டிபன் டப்பா, ஹார்பர் லைன் ரயில். ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமான அந்த எபிசோடைச் செம்பூரில் ஏறும்போது கைப்பேசியில் தொடங்கியவர்களுக்குச் சி.எஸ்.எம்.டி. வந்து இறங்கும்போதும் முடிந்திருக்காது. பாதி பார்த்தவர்கள், முழுதும் பார்த்தவர்கள், இரவு வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று காதைப் பொத்திக்கொண்டவர்கள் என்று அலுவலகங்களில் அன்று மூன்று கட்சிகள் இருந்தன. பேசுபவர்களில் எத்தனை பேர் எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்பதே முதல் நாள் பேச்சைக் கேட்கும்போது நினைவில் வைக்க வேண்டிய முதல் செய்தி.

அந்தத் தொடருக்கு ஒரு பழைய கடன் இருந்தது. அது முன்கதையாக வந்தது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு. அந்தப் பழைய தொடர் 2011 முதல் 2019 வரை 8 சீசன்கள் ஓடியது. கடைசி சீசன் ரசிகர்களில் பலரைக் கோபப்படுத்தியது. அதை மறுபடி எடுக்க வேண்டும் என்ற இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அந்தத் தொடரை வெளியிட்ட எச்.பி.ஓ. நிறுவனம் வேறொரு முன்கதைக்கு மாதிரி எபிசோடே எடுத்துப் பார்த்துவிட்டு, 2019இல் அதைக் கைவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’. ஆகவே முதல் எபிசோடைப் பார்க்க உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் கதை கேட்க வரவில்லை, வாங்கிய அடி ஆறிவிட்டதா என்று பார்க்க வந்தார்கள். அன்று அதிகம் கேட்ட சொல் ‘அப்பாடா’ என்பதுதான். நன்றாக இருக்கிறது என்பது வேறு, பயந்த அளவுக்கு மோசமில்லை என்பது வேறு. பழைய தொடரைப் பார்த்தவர்களின் முதல் நாள் பாராட்டில் பெரும்பகுதி இரண்டாவது வகை.

கதை, பழைய தொடரின் நாயகிகளில் ஒருத்தியான டனேரிஸ் பிறப்பதற்கு 172 ஆண்டுகள் முன்பு தொடங்குகிறது. இதை எழுத்திலேயே திரையில் போட்டுவிடுகிறார்கள். அந்த எண் வெறும் தகவல் அல்ல. பழைய தொடரின் பாத்திரங்கள் ஒருவரும் இதில் வர முடியாது என்ற உறுதிமொழி அது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அதே சிம்மாசனம், அதே வெள்ளை முடி, அதே டிராகன்கள். மற்றதெல்லாம் புதுசு.

விசேரிஸ் என்ற அரசனுக்கு ஆண் வாரிசு இல்லை. ரெனீரா என்று ஒரு மகள் இருக்கிறாள். டேமன் என்று ஒரு தம்பி இருக்கிறான். துடுக்கு, கொடூரம், வசீகரம் மூன்றும் கலந்த ஆள். அரசி எம்மா நிறைமாதம். பிறக்கப்போவது மகன்தான் என்ற நம்பிக்கையில் அரசன் பெரிய போட்டி விழா ஏற்பாடு செய்திருக்கிறான்.

எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம். மாமிக்கு இந்தத் தொடர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மருமகள் பழைய தொடரை இரண்டு முறை பார்த்தவள். மகன் மூல நூலைப் படித்தவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சேர்ந்து பார்த்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். அந்தக் கூடத்தில் கேட்டதை வைத்தே மீதியை விளக்கிவிடலாம்.

எபிசோடின் நடுவே அந்தப் பிரசவக் காட்சி வருகிறது. வெளியே மைதானத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்துகிறார்கள். உள்ளே அரசிக்குப் பிரசவம் சிக்கலாகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். பிரசவப் படுக்கைதான் நம் போர்க்களம் என்று எம்மா முன்பே மகளிடம் சொல்லியிருக்கிறாள். மருத்துவர் அரசனைத் தனியே அழைத்து, ஒன்று இருவரையும் இழக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்க வேண்டும் என்கிறார். அரசன் தலையசைக்கிறான். படுக்கையருகே வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிறான். என்ன நடக்கப்போகிறது என்பது அவளுக்கு மெல்லத்தான் புரிகிறது. பிறந்த மகனும் அன்றே இறந்துபோகிறான்.

“அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?” என்றார் மாமி. கேட்கவில்லை என்று நான் சொன்னேன். “பிறகு என்ன ராஜா இவன்?” என்றார். அதற்குப் பிறகு விசேரிஸ் எவ்வளவு அழுதாலும் மாமி அவனை மன்னிக்கவில்லை. முன்கதை என்பதே தெரியாமல் பார்க்கும் ஒருவரின் எதிர்வினை இது: திரையில் இருக்கும் மனிதர்களைப் பற்றியது, வேறெதைப் பற்றியும் அல்ல. என்னைக் கேட்டால், முதல் எபிசோட் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அறிய இவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அதே காட்சியில் மகன் பேசியது வேறு. மூல நூலான ‘ஃபயர் அண்ட் பிளட்’ 2018இல் வந்தது, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அதை நாவல்போல எழுதவில்லை, அந்த உலகத்து அறிஞர் ஒருவர் பழைய ஆவணங்களைத் தொகுத்து எழுதிய அரச வரலாறுபோல எழுதினார். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று சாட்சிகள் முரண்பட்ட செய்திகளைச் சொல்வார்கள். எம்மாவின் மரணம் நூலில் ஒரு வரலாற்றுக் குறிப்பின் வேகத்தில் கடந்துபோகும். அரசன் எடுத்த முடிவு, அந்த அறை, அந்தக் கைப்பிடி எல்லாம் தொடருக்காக உருவாக்கப்பட்டவை. நூலில் ரெனீராவைவிட ஏறக்குறைய ஒன்பது வயது மூத்தவளாக வரும் அலிசென்ட், தொடரில் அவளுடைய சமவயதுத் தோழி. “அம்மா, இந்த இருவர் நூலில் தோழிகளே இல்லை” என்று மகன் விளக்க ஆரம்பித்தபோது மாமி கையைக் காட்டி நிறுத்தினார். நூல் படித்தவர்கள் நூலையும் தொடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களின் புகாரில் பெரும்பாலும் உண்மை இருக்கும். ஆனால் அது தழுவலைப் பற்றிய புகார், தொடரைப் பற்றியதல்ல. இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருந்தது: பின்னால் இருவரும் எதிரிகளாகப்போகிறார்கள் என்றால், முதலில் ஒரே மரத்தடியில் தலை சாய்த்துப் படித்தவர்களாக இருப்பது கதைக்கு நல்லது.

மருமகளின் முறை கடைசியில் வந்தது. தம்பி டேமன், இறந்த குழந்தையை ‘ஒரு நாள் வாரிசு’ என்று கேலி செய்தான் என்ற செய்தி அரசன் காதுக்கு எட்டுகிறது. தம்பியை விரட்டிவிட்டு மகளை வாரிசாக்குகிறான். பெரிய டிராகன் ஒன்றின் மண்டை ஓட்டின் முன் நின்று, தங்கள் மூதாதை கண்ட கனவு ஒன்றை அவளுக்கு ரகசியமாகச் சொல்கிறான்: வடக்கிலிருந்து ஒரு பேரிருள் வரும், அதை எதிர்க்க அந்த நாளில் சிம்மாசனத்தில் தங்கள் டார்கேரியன் குலத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். மாமிக்கு இது சாதாரண ஜோசியம். மகன், இது நூலில் இல்லையே என்று புருவத்தை உயர்த்தினான். மருமகளோ சிரித்துவிட்டாள். “பழைய தொடரில் அந்த இருள் வந்தபோது சிம்மாசனத்தில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? இதற்காகவா இந்தப் பாடு?” அவள் ஏளனம் செய்தாள். அதே வசனத்தில் மெய்சிலிர்த்த பழைய ரசிகர்களையும் எனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய குடும்ப ரகசியம் இடையில் எப்படித் தொலைந்துபோனது என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏளனமும் சிலிர்ப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. முடிவு தெரிந்தவருக்கு மட்டுமே அந்தக் காட்சி இரட்டைப் பொருள் தருகிறது. முன்கதை மட்டும் தரக்கூடிய சுவை இது. தவறினால் முன்கதைக்கு மட்டும் நேரக்கூடிய விபத்தும் இதுவே.

பெயர்க் குழப்பம் பற்றிய புலம்பலை அதிகம் பொருட்படுத்த வேண்டாம். ரெனீரா, ரெய்னிஸ், விசேரிஸ், டேமன் என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். சோழர் பட்டியலில் பராந்தகனையும் மதுராந்தகனையும் ஆதித்தனையும் பிரித்துப் படித்தவர்களுக்கு இரண்டு எபிசோடில் பழகிவிடும்.

நமக்கு வேறொரு சாதகமும் உண்டு. சித்தப்பாவா மகனா, யாருக்குப் பட்டம் என்ற வழக்கு நம்முடைய வரலாற்று நாவல் வாசகருக்குப் பழைய சமாச்சாரம். இந்தக் கதைக்கான வித்து இங்கிலாந்து வரலாற்றில் இருக்கிறது: முதலாம் ஹென்றியின் ஒரே சட்டப்பூர்வ மகன் 1120இல் கப்பல் மூழ்கி இறந்தான், அரசன் தன் மகள் மெட்டில்டாவை வாரிசாக ஏற்கும்படி பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினான், 1135இல் அவன் இறந்ததும் அவன் சகோதரியின் மகன் ஸ்டீபன் முடியைச் சூடிக்கொண்டான், அதன்பின் நாடு பதினெட்டு ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் சிதைந்தது. முதல் எபிசோடின் இறுதியில் பிரபுக்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு ரெனீராவுக்குச் சத்தியம் செய்யும்போது, “இதெல்லாம் நிற்காது” என்று மாமி சொன்னதற்கு இங்கிலாந்து வரலாறு தேவைப்படவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 2இல் இங்கே வெளியான ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ இன்னொரு வகை முன்கதை. ஆசிய-பசிபிக் பகுதிக்கான சிறப்புக் காட்சியை 2022 ஆகஸ்டில் மும்பையில்தான் நடத்தினார்கள். நடிகர்கள் பலர் வந்திருந்தார்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில், ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதைக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்னால் நடப்பது இது. இடைவெளி 172 ஆண்டுகளைவிட எத்தனையோ மடங்கு அதிகம், ஆனாலும் தெரிந்த முகங்கள் வந்துவிடுகின்றன. காரணம், அந்தக் கதைகளில் வரும் எல்ஃப் என்ற இனத்தார் முதுமையால் சாவதில்லை. 2001இல் தொடங்கிய ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ திரைப்படங்களில் அமைதியே உருவாகப் பார்த்த எல்ஃப் பெண் கலாட்ரியேல், இங்கே வாளேந்திப் பகைவனைத் தேடி அலைகிறாள். முதல் எபிசோடின் முடிவில் அவள் நடுக்கடலில் கப்பலிலிருந்து குதிக்கிறாள். பார்த்தவர்களில் ஒருவருக்காவது அவள் மூழ்கிவிடுவாளோ என்ற பயம் வந்திருக்குமா? அவள் பிழைப்பாள் என்பது இருபது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரியும். உயிரை வைத்துப் பதற்றம் உண்டாக்க முடியாததால், பேச்செல்லாம் அவள் குணத்தைப் பற்றியே சென்றது: நமக்குத் தெரிந்தவள் இப்படியா இருந்தாள்? எரிச்சல்பட்டவர்களும் உண்டு, நிதானம் பிறப்பதற்கு முன் கோபம்தானே இருந்திருக்கும் என்றவர்களும் உண்டு. பழைய பாத்திரங்களை உயிரோடு கொண்டுவரும் முன்கதைகள் எல்லாம் இந்த வழக்கைச் சந்தித்தே ஆக வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ முதல் எபிசோடை அமெரிக்காவில் முதல் இரவிலேயே ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பார்த்ததாக எச்.பி.ஓ. அறிவித்தது. ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரை முதல் நாளில் உலகம் முழுவதும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்ததாக அமேசான் அறிவித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் வென்றார்கள் என்று பேசுவதில் அர்த்தமில்லை. ஒன்று ஒரு நாட்டின் ஓர் இரவு, மற்றது உலகத்தின் ஒரு நாள். ஒருவர் ஒரு எபிசோடை விட்டார், மற்றவர் இரண்டை ஒன்றாக விட்டார். தவிர, இந்த எண்கள் சொல்வது எத்தனை பேர் கதவைத் தட்டினார்கள் என்பதை மட்டும்தான். உட்கார்ந்தார்களா, எழுந்து போனார்களா என்பதற்கு அடுத்த வாரத்தைப் பார்க்க வேண்டும். ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ இரண்டாம் எபிசோடுக்குக் கூட்டம் குறையவில்லை, சற்றுக் கூடியது. அதற்குள் இரண்டாம் சீசனும் அறிவிக்கப்பட்டுவிட்டது.

நட்சத்திர மதிப்பீடுகளை இன்னும் சந்தேகமாகப் பாருங்கள். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படத்தின் முதல் காட்சி பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பத்துக்குப் பத்து கொடுப்பவரும் பூஜ்யம் கொடுப்பவரும் டிக்கெட் கிழியும் முன்பே முடிவெடுத்தவர்கள். இந்தத் தொடர்களில் கறுப்பின நடிகர்கள் இடம்பெற்றதற்காகவே, கார்லிஸ் வெலாரியனாக ஸ்டீவ் டூசான்ட் வந்ததற்காகவே, எரிந்து விழுந்தவர்கள் இருந்தார்கள். டிராகன் பறப்பதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு கடற்படைத் தலைவனின் தோல் நிறம் நம்பும்படி இல்லையாம். ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ வெளியானபோது இப்படிக் கூட்டமாக வந்து குறைந்த மதிப்பெண் குத்துவதைச் சமாளிக்க, அமேசான் பயனர் விமர்சனங்களை 72 மணி நேரம் வரை நிறுத்திவைத்துப் பரிசோதித்த பிறகே வெளியிட்டது. முதல் நாள் சராசரி மதிப்பெண் தொடரைப் பற்றிச் சொல்வதைவிட மதிப்பெண் போட்டவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

ஆகவே யாராவது முன்கதைத் தொடர் ஒன்றின் முதல் எபிசோட் அபாரம் என்றோ குப்பை என்றோ சொன்னால், முதலில் அவரிடம் பழையதைப் பார்த்தீர்களா, நூலைப் படித்தீர்களா என்று கேளுங்கள். உங்களைப் போன்றவரின் பேச்சுதான் உங்களுக்குப் பயன்படும். நீங்கள் ஒன்றும் பார்க்காதவர் என்றால், உங்களைப் போலவே ஒன்றும் பார்க்காதவரையே நம்புங்கள். மூன்றாவது எபிசோட் வரை பொறுத்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் முதல் எபிசோடின் வேலை ஆட்களை அறிமுகப்படுத்துவது, சண்டை பின்னால்தான்.

எதை முதலில் பார்ப்பது என்று தயங்குகிறவர்களுக்கு என் கருத்து இது. ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரை நேராக ஆரம்பிக்கலாம். மண்டை ஓட்டின் முன் சொல்லப்படும் அந்தக் கனவில் மட்டும் கொஞ்சம் நஷ்டம். ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ பார்க்க நினைப்பவர்கள் முதலில் மூன்று திரைப்படங்களையும் பார்த்துவிடுவது மேல், சௌரான் என்ற பெயரைக் கேட்டு ஏன் எல்லோரும் நடுங்குகிறார்கள் என்பது அதில்தான் தெளிவாகும். டிராகன் தொடரைக் குழந்தைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது நிறைமாதமாக இருந்தால் அந்த முதல் எபிசோடைத் தள்ளிப்போடுங்கள்.